பதினாறு மடங்கு

பதினாறால் பெருக்கிவிட்டது என்கிறான். நான் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு யாரும் வரமாட்டார்கள், கீழே மொபைல் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார், பாளையங்கோட்டையே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளும், அதனால் படியேறி வந்தவனைப் பார்த்ததும் சாப்பிட்டபின் பார்க்கிற சர்க்கரைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உட்காருங்க தம்பி, சட்டைக் கையை மடக்குங்க என்றுகூடச் சொல்லிவிட்டேன். மடக்கவில்லை. "பிரிசில்லா சிஸ்டர் நீங்கதான?" என்றான். பேர் கோமதிநாயகமாம். ஆஸ்பத்திரி மணிக்குப் புரோகிராம் எழுதுகிற கம்பெனியில் வேலையாம். எந்த ஆஸ்பத்திரி என்று அவன் சொல்லவில்லை, நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியா என்று நானும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லாமல் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. படுக்கைப் பக்கத்தில் ஒரு பொத்தான் தொங்கும். நோயாளி அமுக்கினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். நாம் போய்ச் சுவரில் இருக்கிற பச்சைப் பொத்தானை அமுக்கினால் நிற்கும். அடித்ததற்கும் நின்றதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அந்த நேரத்தைத்தான் பெருக்கிவிட்டதாம். "உங்க நாலாவது மாடியில மட்டும் சிஸ்டர்," என்கிறான், மற்ற மாடிகளில் எல்லாம் சரியாக இருந்தது என்பது ஏதோ ஆறுதல் மாதிரி.

நாலாவது மாடி. அங்கே நான் ஒன்பது வருஷம் நின்றிருக்கிறேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியின் கதவு கீச்சிடும், கடைசி அறைக்குப் போகிற நடையில் ஒரு டைல்ஸ் மட்டும் ஆடும், துடைக்கிற ராஜம்மாள் ஃபினாயிலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவாள், அந்த வாசனை மூக்கில் ஏறினால் மணி இரண்டு என்று அர்த்தம். கடைசி அறையில் அருணகிரி சார். டைல்ஸ் கடை வைத்திருந்தவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர், எங்கள் நடையில் ஆடுகிற டைல்ஸைப் பார்த்து இதைப் பதித்தவனைக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர், ரெண்டு கேள்வி கேக்கணும் என்று காலையில் சிரித்தவர். அவருடைய மணியை நான் பதினாலு நிமிஷம் கழித்து நிறுத்தினேன். அப்படித்தான் ஏறியிருந்தது. அட்மின் சார் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், மற்ற மாடிக்காரர்களுக்கெல்லாம் குட்டிக் குட்டியாகப் பச்சைக் கோடு, நடுவில் என்னுடையது சிவப்பாக ஒரு கம்பம். சத்தம் போடவில்லை அவர். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "பதினாலு நிமிஷம் எங்க இருந்தீங்க சிஸ்டர்?" என்று, தொலைந்துபோன குழந்தையை விசாரிக்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டார். மணி கேட்டதும் போனேன் சார் என்றேன். "மணி கேட்டது எப்போ?" என்றார். கேட்டபோது கேட்டது. "மெஷினுக்கு உங்க மேல என்ன கோபம் சிஸ்டர், அது எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார் பிறகு.

"மணியடிச்ச நேரத்தை எண்ணுற பெட்டி இருக்குல்ல, அதுல பழசு டிக்குல எண்ணும் சிஸ்டர்," என்று இவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். விரலால் மேஜையில் தட்டிக் காட்டுகிறான், டிக், டிக், டிக். சுவர்க் கடிகாரத்து டிக் இல்லையாம், அதைவிட ரொம்ப வேகமான டிக். ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு மில்லி விநாடி. அந்த மாதிரி பதினாறு துண்டு சேர்ந்தால்தான் பழைய பெட்டிக்கு ஒரு டிக். அதனால் பெட்டி எத்தனை டிக் என்று ஒரு எண்ணை அனுப்பும், கம்ப்யூட்டர் அதைப் பதினாறால் பெருக்கி நேரமாக்கிக்கொள்ளும். அதுவரை சரி. நாலாவது மாடியில் அந்த வருஷம் புதுப் பெட்டி மாட்டினார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, வெள்ளையாக, ஓரம் மழமழவென்று, எங்களுக்குத்தான் முதலில் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். புதுப் பெட்டி டிக்கெல்லாம் எண்ணாது, நேராக அந்த ஆயிரத்தில் ஒரு துண்டையே எண்ணும். அதுவும் ஒரு எண்ணைத்தான் அனுப்பும். "வெறும் எண் சிஸ்டர். எண்ணைப் பார்த்தா அது டிக்கா மில்லி விநாடியான்னு தெரியாது. புரோகிராம் வழக்கம்போல டிக்குன்னு நினைச்சு, அதையும் பதினாறால பெருக்கிடுச்சு." பெருக்கிடுச்சு என்று சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. நான் கேட்கிறேன், "அப்போ பதினாலு நிமிஷம்னா?" அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான், எனக்குத் தெரிகிறது, படியேறும்போதே வாயில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். "ஒரு நிமிஷம்கூட இல்ல சிஸ்டர். அம்பத்திரண்டு விநாடி."

அம்பத்திரண்டு விநாடி. நான் சோற்றைப் பார்க்கிறேன். ஒரு நிலக்கடலை பருக்கையோடு ஒட்டிக்கொண்டு மேலே கிடக்கிறது. ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருக்கிறேன், அழுகையோ ஆத்திரமோ, ஊசி குத்தியதும் சில பேருக்கு ரத்தம் உடனே வராது, சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நாம் பார்த்துக்கொண்டே நிற்போம், அந்த மாதிரி. வருவது என்னவோ ஒரு அற்ப நினைப்பு. எங்கள் வேலையில் மைக்ரோகிராம் இருக்கிறது, மில்லிகிராம் இருக்கிறது. டாக்டர் வெறும் ஐம்பது என்று எழுதிவிட்டுப் போனால் நாங்கள் மருந்தைக் கையால் தொடமாட்டோம். ஐம்பது என்ன டாக்டர் என்று போன் போட்டுக் கேட்போம், அவர் எரிந்து விழுவார், விழட்டும், எழுதி வாங்குவோம், இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுவோம், அதற்குப் பிறகுதான் ஊசி. படிக்கிற காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது அதைத்தான். இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா? ஒருவன் எண்ணை அனுப்புகிறான், இன்னொருவன் வாங்கிக்கொள்கிறான், என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். இதை இவனிடம் சொல்லலாம். சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். ஏற்கெனவே குனிந்துதான் இருக்கிறான். குனிந்த தலைகளை நான் நிறையப் பார்த்தாகிவிட்டது, அதில் ஒன்று என்னுடையது.

அப்போது எங்கள் மாடிக்கே கெட்ட பேர். புதுப் பெட்டி வந்த மாதத்திலிருந்து, மற்ற மாடிகளில் எல்லாம் நிமிஷத்துக்குள் போகிறார்கள், நாலாவது மாடியில் மட்டும் ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். மேட்ரன் வந்து கத்தினார். மாடிக்கு ஒரு படம் ஒட்டினார்கள், சிரிக்கிற முகம், அழுகிற முகம், எங்களுக்கு எப்போதும் அழுகிற முகம். நாங்கள் ஓடினோம். உண்மையிலேயே ஓடினோம், சிரிப்பாக இருக்கிறது. ஜெனிட்டா என்று புதிதாக வந்த பெண் ஒருத்தி ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். அப்படியும் அந்த முகம் மாறவில்லை. எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது, நீ மெதுவா போறே, நீதான் போறே, உன்னாலதான் என்று. யாருக்குமே தோன்றவில்லை, இத்தனை பேரும் எப்படி ஒரே மாதத்தில் சோம்பேறி ஆனோம் என்று. அட்மினுக்குத் தோன்றவில்லை, மேட்ரனுக்குத் தோன்றவில்லை, அவர்களை விடு, எனக்குத் தோன்றியதா? நானும் ஜெனிட்டாவைத் திட்டியிருக்கிறேன். ஷூ போட்டா மட்டும் போதாதுட்டி, மனசுல வேகம் இருக்கணும் என்று.

அந்த மத்தியானம் எப்படி இருந்தது. முதலில் எப்படி இருந்தது. முதலில் என்று நான் சொல்வது திரையைப் பார்ப்பதற்கு முன்னால். ஃபினாயில் வாசனை. நான் மேஜையில் ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். மொபைலை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது சட்டம், அதனால் ஹெப்சி மேஜை போனில்தான் கூப்பிடுவாள். ஹெப்சிபா, என் தங்கை, நாசரேத்தில் இருக்கிறாள். எடுத்தேன். "அக்கா, அவங்க வீட்டுல இருந்து பேசினாங்க," என்றாள், அவள் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீடு. அப்போது மணி அடித்தது. "மணி அடிக்கி, வையி, பெறகு பேசுதேன்," என்றேன். வைத்தேன். மருந்துத் தட்டை மூடினேன். நடை ஈரமாக இருந்தது, சுவரோரமாக நடந்தேன், அந்த ஆடுகிற டைல்ஸ் காலுக்குக் கீழே ஆடியது. கதவைத் தள்ளினால் அருணகிரி சார் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், உதடு நீலம், ஒரு கை நெஞ்சில், இன்னொரு கையில் அந்தப் பொத்தான். பச்சையை அமுக்கினேன். அவரைச் சாய்த்தேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கைகள் செய்தவை. டாக்டர்கள் வந்தார்கள், நான் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன், போதும் சிஸ்டர் என்று யாரோ தோளைத் தொட்டார்கள். காலிலிருந்து கிளம்பின ரத்தக் கட்டி என்றார் டாக்டர், பெரிய கட்டி, நாம என்ன செய்திருந்தாலும் கஷ்டம் என்றார். பதினாலு நிமிஷம் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சை அவர் திரும்பச் சொல்லவில்லை.

அவ்வளவுதான் இருந்தது என்னிடம். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. ஆனால் பதினாலு நிமிஷத்தை நிரப்பியாக வேண்டுமே. மிச்சம் எங்கே போனது? தூங்கினேனா? நின்றுகொண்டே யாராவது தூங்குவார்களா? மயக்கம் வந்ததா? நடையில் யாராவது என்னை நிறுத்திப் பேசினார்களா? ஒவ்வொரு இடமாகப் பிடித்து இழுத்தேன். மருந்துத் தட்டை மூடியதை இழுத்தேன், மூடி கிடைக்காமல் தேடினேன் என்று வைத்துக்கொண்டேன். நடந்ததை இழுத்தேன். எதுவும் பதினாலு நிமிஷத்துக்கு நீளவில்லை. கடைசியில் போன். போன் ஒன்றுதான் எவ்வளவு இழுத்தாலும் வந்தது. ஏனென்றால் ஹெப்சி பேசுவாள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது விசாரணைக்கு முந்தின நாள் பஸ்ஸில் வரும்போது எனக்கு அது ஞாபகம் வந்தது, ஞாபகம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை என்றாள், அம்மாவுக்கு மூட்டு வலி கூடிவிட்டது என்றாள், நம்ம ஆலயத்துப் பாடகர் குழுவில் சண்டை என்றாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் இரு இரு என்று அவளுக்குச் சொல்கிறேனா மணிக்குச் சொல்கிறேனா தெரியவில்லை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தெளிவாக வந்தது. அவள் குரல்கூட வந்தது. அதெல்லாம் வேறு வேறு நாளில் அவள் பேசியது. வேறு நாட்களிலிருந்து எடுத்து எடுத்து அந்தப் பொந்தில் அடைத்திருக்கிறேன். மறுநாள் போய், வீட்டிலிருந்து போன் வந்தது சார், பேசிக்கொண்டிருந்துவிட்டேன் என்றேன். அட்மின் சார் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும் நிம்மதி, அதை மறைக்க முடியாது. தொலைந்த நேரம் கிடைத்துவிட்டது. வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள், நியாயம் என்றுதான் இறங்கி வந்தேன்.

இவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். "ஆஸ்பத்திரியில சொன்னியா தம்பி?" என்று கேட்கிறேன். சொன்னானாம். போன மாதம் இன்னொரு மாடிக்குப் புதுப் பெட்டி மாட்டியபோது எண்கள் திடீரென்று ஏறியதாம், ஏன் என்று தேடினபோது அகப்பட்டதாம், சரிசெய்துவிட்டானாம், பழையதையும் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பெரிய எண்ணாக என்னுடையது நின்றதாம். "இனிமே சரியா வந்தா போதும், பழசைக் கிளற வேண்டாம்னு சொல்லிட்டாங்க." அவன் கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்களாம். "ஆரம்பத்துல எழுதினது யாரு?" "அவரு இப்ப இல்ல சிஸ்டர். வெளிநாடு போயிட்டாரு." இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? அவருக்கு ஜெனிட்டாவைத் தெரியுமா, ஆடுகிற டைல்ஸைத் தெரியுமா. "மணி அடிக்க ஆரம்பிச்ச நேரம்னு ஒண்ணு போட்டிருந்துச்சே தம்பி, ரெண்டு ஆறுன்னு. அது எப்படி வந்துச்சு?" என்கிறேன், அந்த ஒரு கொக்கி மட்டும் எனக்குள் விடவில்லை. அவன் மெதுவாகச் சொல்கிறான், ஆரம்பித்த நேரத்தை எந்தப் பெட்டியும் குறிக்கவில்லையாம், நின்ற நேரத்திலிருந்து எவ்வளவு ஆனது என்பதைக் கழித்துக் கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டதாம். அப்படியானால் இரண்டு ஆறுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு ஆறுக்கு அருணகிரி சார் சும்மா படுத்திருந்திருக்கிறார். பேப்பர் படித்திருக்கலாம். அவர் மனைவி வடிவக்கா அப்போது பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்திருப்பாள், ஒருவேளை அவர் சர்க்கரை கம்மி என்று சொல்லி அனுப்பியிருப்பார். நான் இந்த ஒன்றரை வருஷமாக இரண்டு ஆறிலிருந்து அவருக்கு மூச்சு முட்ட வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும். குளிக்கும்போது, பஸ்ஸில், யாருக்காவது கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது. அமுக்குகிறார், யாரும் வரவில்லை, அமுக்குகிறார், கதவைப் பார்க்கிறார், அமுக்குகிறார்.

"ஏதாவது எழுதித் தருவியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் அவன் முகம் மாறியது. "அது முடியாது சிஸ்டர். என் பேரு வெளிய வரக்கூடாது. எனக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு." பிறகு என்ன நினைத்தானோ, "உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்," என்றான். தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவன் யோசித்திருக்கவில்லை, அதுவும் தெரிந்துவிட்டது. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், அண்ணாந்து மடமடவென்று குடித்தான், டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். வந்தபோது இருந்த முகம் இப்போது இல்லை, கழுவிவிட்டாற்போல் இருக்கிறது. "வாரேன் சிஸ்டர்," என்றான். படியில் அவன் கால் சத்தம் கேட்கிறது, ஏறியதைவிட வேகமாக இறங்குகிறது. இங்கே கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டான், போகிறான். கெட்டவன் இல்லை. இத்தனை பேரில் படியேறி வந்தவன் அவன் ஒருவன்தான். அதற்காக அவனை நன்றாக நினைக்க வேண்டும், கொஞ்ச நாள் போனால் நினைப்பேனாயிருக்கும்.

வடிவக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் முதலில். மேலப்பாளையம் ரோட்டில் கடை, இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவளுக்கும் பதினாலு நிமிஷம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னை அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டே, "எத்தனை தடவை மணி அடிச்சாரு சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் போய், அக்கா, அவர் அப்படித் தவிக்கவில்லை, அடித்ததும் நான் வந்துவிட்டேன், ஒரு நிமிஷம்கூட அவர் தனியாக இல்லை என்று சொன்னால் அவளுக்கு எவ்வளவு. எவ்வளவு என்ன? சந்தோஷமா? நான் கடைக்குள் நுழைகிறேன், டைல்ஸ் அடுக்குக்கு நடுவே அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், நான் டிக்கைப் பற்றிச் சொல்கிறேன், பதினாறைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டு முடித்து அவள் என்ன சொல்வாள்? எனக்கு நன்றாகத் தெரியும் அவள் என்ன சொல்வாள். "அப்போ நீ நேரத்துக்கு வந்துட்டே. பெறகு எதுக்கு அவரு செத்தாரு?" நான் தாமதமாக வந்ததால் செத்தார் என்பது அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அதையும் பிடுங்கப்போகிறேன். கையில் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. போவேன், போகாமல் இருக்க முடியாது, ஆனால் இன்றைக்கு இல்லை, இந்த வாரத்தில் ஒரு நாள்.

டிபன் பாக்ஸை மூடுகிறேன். மூடி சரியாக உட்காரவில்லை. ஹெப்சி. அவளை இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டுதான் இருந்தேன். போன கிறிஸ்மஸுக்கு நாசரேத்தில் அம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம், அவள் சம்பந்தி வீட்டார்கூட வந்திருந்தார்கள். யாரோ என் வேலை ஏன் போனது என்று கேட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். "இவ வாயால ஒரு ஆளு போயிட்டாரு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உப்பை எடு என்பதுபோலச் சொன்னேன். ஹெப்சியின் கை இலையிலேயே நின்றது. "அக்கா, நீ உடனே வச்சிட்டே," என்றாள். "மணி அடிக்கின்னு சொன்னே, வச்சிட்டே. நான் பேசவே ஆரம்பிக்கல. மாப்பிள்ளை வீட்டுல சம்மதம் சொல்லிட்டாங்கன்னு உன்கிட்ட சொல்லத்தான் போன் போட்டேன், அதைச் சொல்லாம அன்னைக்கு முழுக்க போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." அழவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "பேசாம இரு. உன்னைப் பத்தி ஊருக்கே தெரியும்," என்றேன். பாதி இலையில் எழுந்து போய்க் கை கழுவினாள். பிறகு நடந்த அவள் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட அம்மாவைத்தான் பேசச் சொன்னாள், நான் போகவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் மாமியார் ஏதாவது கோபம் வந்தால், உங்க அம்மா வாய் அப்படிப்பட்ட வாயாச்சே என்று சொல்வதாகக் கேள்வி. அதுவும் நான் கொடுத்த சீதனம்.

போனை எடுக்கிறேன். அவள் நம்பரைத் தேடவேண்டியதில்லை, மனப்பாடம். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அமுக்குகிறேன். மூன்றாவது மணி அடிக்கும்போது எடுத்தாள். பின்னால் குக்கரோ எதுவோ சீறுகிறது.

"ஹெப்சி."

"ம்."

"சாப்பிட்டியாட்டி?"

"என்ன விஷயம்?"

சொல்கிறேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, பெட்டியிலிருந்து ஆரம்பித்து, நடுவில் ஜெனிட்டாவிடம் போய், திரும்பி வந்து, அவன் மேஜையில் தட்டிக் காட்டியதைச் சொல்லி, டிக் என்றால் என்ன என்று சொல்லி, ஒரு நிமிஷம்கூட இல்லை என்று சொல்லி, நீ சொன்னதுதான் சரி, நான் உடனே வைத்திருக்கிறேன், நீ பேசவே இல்லை என்று சொல்லி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது. அங்கே சீறல் நின்றுவிட்டது, அடுப்பை அணைத்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் நானும் அழலாம் என்று இருந்தேன்.

"இதை நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் ஹெப்சி.

"சொன்னேட்டி. நான்தான் கேக்கல."

"நான் சொன்னப்ப நீ நம்பல. கம்ப்யூட்டரு சொல்லுச்சுன்னு நம்புனே. இப்பவும் நான் சொன்னதுக்காக நீ நம்பல, அக்கா. கம்ப்யூட்டருகாரன் வந்து சொன்னான்னு நம்புதே."

"அப்படி இல்லட்டி."

"எப்படி இல்ல? நாப்பது வருஷமா உன் கூடப் பொறந்தவ சொன்னேன். அது உனக்குப் போதல. யாரோ ஒருத்தன் வந்து உன் மேஜையில தட்டிக் காட்டவும் போதுமாயிருச்சு." குரல் ஏறவில்லை. அவள் குரல் இவ்வளவு அடங்கி நான் கேட்டதே இல்லை, பேசிக்கொண்டே இருக்கிற ஹெப்சி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறாள். "நாளைக்கு இன்னொருத்தன் படியேறி வாரான்னு வையி. அந்தப் பையன் போட்ட கணக்குத் தப்பு, முதல்ல வந்த பதினாலு நிமிஷந்தான் சரின்னு சொல்லுதான். அப்போ யாரை நம்புவே?"

உன்னைத்தான் என்று சொல்ல வேண்டும். சொல் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் மனசு போய்விட்டது, இன்னொருவன் படியேறுகிறான், சட்டைக் கையை மடக்காமல் எதிரே உட்காருகிறான், திரையைத் திருப்பிக் காட்டுகிறான், அதில் ஏதோ ஒரு எண் இருக்கிறது, நான் அந்த எண்ணைப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"உன்னைத்தாண்டி," என்றேன்.

"சரிக்கா, வைக்கேன்," என்றாள் ஹெப்சி. வைத்துவிட்டாள்.